உள்ள நிறத்தில் ஒரு முகம்

மாரித்தாய் ஆழ்வார்குறிச்சியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தாள். வண்ணார்பேட்டையில் தளவாய் அண்ணாச்சியின் திருமணத் தகவல் நிலையம் ஒரு மருந்துக்கடைக்கு மேலே, மாடியில் இருக்கிறது. கதவு திறக்கும் முன்பே படியில் வந்து நின்றாள். அங்கே வேலை பார்க்கிற பிரேமலதா பூட்டைத் திறந்து, காற்றாடியைப் போட்டு, "உக்காருங்கக்கா" என்றதற்கும் உட்காரவில்லை. பைக்குள்ளிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்து மேசைமேல் விரித்தாள்.

"இது எம் மவளா? நீயே பாத்துச் சொல்லு தாயி."

அந்தத் தாளைப் பிரேமலதாதான் அடித்துக் கொடுத்திருந்தாள். மேலே பெண்ணின் படம், கீழே பெயர் பிரியதர்ஷினி, படிப்பு, நட்சத்திரம், ராசிக் கட்டம். படத்தில் இருந்த முகம் வெளிறி, அவித்த பனங்கிழங்கு நிறத்தில் இருந்தது. பெண்ணை நேரில் பார்த்ததில்லை. ஆனால் அவர்கள் செல்போனில் அனுப்பிய படத்தைப் பிரேமலதா பார்த்திருக்கிறாள். நல்ல கருத்த பிள்ளை.

"கூடங்குளத்துப் பக்கமிருந்து வந்தாக. வேன் புடிச்சு பத்துப் பதினஞ்சு பேரு. எம் மவ காப்பி கொண்டாந்து வச்சா. மாப்ளைக்கு அக்காக்காரி இந்தத் தாளை வெளிய எடுத்துட்டா. தாளைப் பாக்கா, எம் மவ மொகத்தைப் பாக்கா. திரும்பத் தாளைப் பாக்கா. நடு வீட்ல வச்சு. ஒருத்தரும் காப்பியத் தொடல."

பிரேமலதாவுக்குச் சொல்வதற்கு இருந்ததெல்லாம் பிரிண்டரைப் பற்றித்தான். மை தெளிக்கிற பழைய பிரிண்டர் அது. கறுப்பும் ரோஸும் பாதி அடைத்துப் போய், கொஞ்ச நாளாக எல்லா முகத்தையும் ஒரே மாதிரி வெளுத்துக் காட்டியது. மஞ்சள் தடவினால் மை ஊறிப் பரவும். ஜாதகத்துக்கு மஞ்சள் தடவாமல் கொடுக்க முடியாது. அண்ணாச்சியிடம் இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்திருந்தாள். அவர் ஆகட்டும் பாப்போம் என்றிருந்தார்.

"அவ கண்ணாடியப் பாக்க மாட்டேங்கா தாயி" என்றாள் மாரித்தாய். சத்தம் போட வந்தவள் தாளை அங்கேயே விட்டுவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

அண்ணாச்சி பத்து மணிக்கு வந்தார். தாளைப் பார்த்தார். ஜன்னல் பக்கம் போய் மறுபடி பார்த்தார்.

"புதுசு வாங்கிருவோம்" என்றார். "கலர் லேசர். மஞ்சள் பட்டாலும் கரையாதாம்லா. நீயே போயி நாலு கடை பாரு பிரேமா. எது நல்லா அடிக்குதுன்னு உனக்குத்தான் தெரியும். மாதிரி அடிச்சு வாங்கிட்டு வா, நான் பாத்துச் சொல்லுதேன்."

பிரேமலதாவுக்கு நாற்பத்திரண்டு வயது. அந்த ஆபீஸுக்கு அவள் முதன்முதலில் வந்தது வேலைக்கு அல்ல. அவளுக்கு மாப்பிள்ளை பார்க்க அவள் அப்பா முத்துமாலை கூட்டிக்கொண்டு வந்தார். ரைஸ்மில்லில் எடை போடுகிற வேலை அவருக்கு. அன்றைக்கு டைப் அடிக்கிற பையன் வரவில்லை. அண்ணாச்சி ஒற்றை விரலால் தமிழ் எழுத்தைத் தேடிக்கொண்டிருந்தார். பார்க்கப் பொறுக்காமல் அவளே உட்கார்ந்து தன் விவரத்தைத் தானே அடித்தாள். "தப்பில்லாம அடிக்க ஆளே கிடைக்கல. வேலைக்கு வாரியாம்மா?" என்று அண்ணாச்சி கேட்டார். முத்துமாலை யோசித்து, "கல்யாணம் ஆகுத வரைக்கும் வரட்டும்" என்றார்.

அப்படித்தான் வந்தாள். அவள் ஜாதகத்தை அவளே அடித்து, அவளே மஞ்சள் தடவி, கேட்டு வருகிறவர்களுக்கு மற்ற ஜாதகங்களோடு சேர்த்துக் கொடுத்தாள். சில பேர் வாங்கிப் பார்த்துவிட்டு, படத்தில் இருப்பவள்தான் எதிரே நிற்கிறாள் என்று தெரியாமல், "இந்தப் பிள்ள எப்படிம்மா, நல்ல மாதிரியா?" என்று அவளிடமே கேட்டிருக்கிறார்கள். தெரியலையே என்று சொல்லியிருக்கிறாள். வீட்டுக்கு வந்து பார்த்தவர்களும் உண்டு. மூல நட்சத்திரம் என்று போனவர்கள், ஊருக்குப் போய்ச் சொல்கிறோம் என்று போனவர்கள். பெரிய காரணம் என்று எதையும் சொல்ல முடியாது. அம்மா முதலில் போனாள். பிறகு அப்பா படுக்கையில் விழுந்தார். தம்பி இசக்கிராஜா திருப்பூருக்குப் போய் அங்கேயே குடும்பமாகிவிட்டான். அப்பா காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்தில், ஒரு மத்தியானம், கம்ப்யூட்டரில் இருந்த தன் விவரத்தை அவள் அழித்தாள். அண்ணாச்சி அதைக் கேட்கவே இல்லை. கவனித்தாரா என்றும் அவளுக்குத் தெரியாது.

பிரிண்டர் பார்க்கப் போவதில் முதல் சிக்கல் படம்தான். பதிந்திருக்கும் பிள்ளைகளின் படம் ஆபீஸை விட்டு வெளியே போகக்கூடாது என்று அண்ணாச்சிக்கு ஒரு கண்டிப்பு உண்டு.

"பெறவு எதை வச்சுப் பாக்க அண்ணாச்சி?"

"கடைக்காரன் ஏதாவது வச்சிருப்பான்லா. கிளி, பூவு, பழக்கூடை."

"நம்ம கிளிக்கா மாப்ள பாக்கோம்?"

அண்ணாச்சி சிரித்துவிட்டார். "அப்போ உன் படத்தையே கொண்டு போ" என்று சொல்லிவிட்டு போனை எடுத்துப் பேசப் போய்விட்டார்.

அவள் படம் என்று இருந்தது பேங்குக்கு எடுத்த சின்னப் படம் மட்டும். அது எட்டு வருசத்துக்கு முந்தியது. மறுநாள் காலை மொட்டைமாடிக்குப் போனாள். மாடியில் ஒற்றை அறையும் சமையலுக்கு ஒரு மூலையும் உள்ள வீடு அவளுடையது. கீழ்வீடு பூட்டிக் கிடந்தது. வீட்டுக்காரர்கள் சென்னையில் இருந்தார்கள், வருசத்துக்கு ஒரு தடவை வருவார்கள். படம் எடுத்துத் தரச் சொல்ல யாரும் இல்லை. அரக்குச் சேலையும் கடுகுநிறக் கரையுமாக உடுத்திக்கொண்டாள். அந்த இரண்டு நிறத்தையும் சரியாக அடிக்கிற மிஷின் சுலபத்தில் கிடைக்காது என்று அவளுக்குத் தெரியும். செல்போனைக் கைப்பிடிச் சுவரில் சாய்த்து வைத்து, ஓடிப்போய் நின்றாள். முதல் படத்தில் கண் மூடியிருந்தது. அடுத்ததில் தலைக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி. வெயில் நேராக விழாத இடமாகப் பார்த்து நகர்ந்து நகர்ந்து எடுத்ததில் ஒன்று பரவாயில்லாமல் வந்தது. சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை.

அந்தப் படத்தை வைத்து ஆபீஸில் கொடுக்கிற மாதிரியே ஒரு தாள் செய்தாள். மேலே படம், கீழே எழுத்து, அதற்கும் கீழே ராசிக் கட்டம். கட்டத்துக்குள் சனி, செவ், சுக் என்று பொடி எழுத்து. கட்டத்தில் பொய் எழுத மனம் வராமல் தன் கட்டத்தையே போட்டாள். ஆபீஸில் பயன்படுத்துகிற தாளிலும் ஒரு கட்டு பையில் வைத்துக்கொண்டாள்.

ஜங்ஷனில் இருந்த முதல் கடையில் கேட்காமலே கிளியை அடித்துக் காட்டினார்கள். பச்சை கண்ணைப் பறித்தது. பிறகு அவள் தாளை அடித்தபோது முகம் வெயிலில் வெந்ததுபோல் சிவந்து வந்தது.

"கலர் எப்படித் தூக்குது பாருங்க மேடம். சேலை சும்மா தகதகன்னு இருக்கு" என்றான் கடைப் பையன்.

"சேலை நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

இரண்டாவது கடையில் முகம் மோசமில்லை. ஆனால் பொடி எழுத்துகளுக்குப் பக்கத்தில் லேசாக ஒரு ரோஸ் நிழல் ஓடியது. நாலு நிறமும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காரவில்லை. புள்ளிகள் சில இடத்தில் மெலிந்து காணாமல் போயிருந்தன. செவ் என்பது செவ என்று நின்றது. செவ்வாய் இருக்கிற கட்டத்தைத்தான் எல்லாரும் முதலில் பார்ப்பார்கள். அங்கே சந்தேகம் வந்தால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

மூன்றாவது கடை டவுனில். அங்கே வந்த முகத்தைப் பார்த்து அவளே ஒரு நிமிசம் நின்றுவிட்டாள். பால்கோவா நிறம். கண்ணுக்குக் கீழே நிழல் இல்லை, மூக்கோரத்தில் கோடு இல்லை, கன்னம் மினுங்கியது. பத்துப் பன்னிரண்டு வருசத்தைத் துடைத்து எடுத்தது போலிருந்தது. கடைக்காரர் சிரித்துக்கொண்டு நின்றார், இதற்குமேல் சொல்ல என்ன இருக்கிறது என்பதுபோல. அவள் அந்தத் தாளை வாங்கி, மற்றதோடு சேர்க்காமல் தனியாகப் பையில் வைத்தாள்.

நாலாவது கடை பாளையங்கோட்டையில், பஸ் ஸ்டாண்டு பக்கத்துத் தெருவில். மும்தாஜ் பேகம் என்ற பெண் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காக்கா என்று அவள் கூப்பிடும் அண்ணனின் கடை, அவர் வெளியூர் ஆர்டர்களுக்கு அலைய, இவள் மேலப்பாளையத்திலிருந்து தினமும் வந்து கடையில் இருப்பாள். பிரேமலதா வயதுதான் இருக்கும். பிரேமலதா தாளைக் கொடுத்ததும், "என்ன வேலைக்குக்கா?" என்று கேட்டாள். வேறு எந்தக் கடையிலும் அதைக் கேட்கவில்லை.

பிரேமலதா சொன்னாள். ஆழ்வார்குறிச்சிப் பெண் கதையையும், பெயர் சொல்லாமல், சொல்லிவிட்டாள்.

மும்தாஜ் அடித்த தாளை டியூப்லைட்டில் ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்தாள். "இந்த வெளிச்சத்துல எல்லா மிஷினும் ஒண்ணுதான். வாங்க வாசலுக்கு."

வாசல் வெளிச்சத்தில் பிரேமலதாவை நிற்க வைத்து, அவள் முகத்துக்குப் பக்கத்தில் தாளைப் பிடித்தாள். "அசையாதீங்க." தாளைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். நெற்றியைப் பார்த்தாள், கண்ணுக்குக் கீழே பார்த்தாள், தாடையைப் பார்த்தாள். தெருவில் ஆட்டோ போயிற்று. யாரோ படியேறி உள்ளே போனார்கள். மும்தாஜ் நகரவில்லை.

"கண்ணுக்குக் கீழ உங்களுக்குக் கொஞ்சம் கருப்பு இருக்கு. தாள்ல அதைக் காணல. இடது தாடையில ஒரு மச்சம் இருக்கு. அதுவும் பாதிதான் வந்திருக்கு."

பிரேமலதா மச்சத்தைத் தொட்டுப் பார்த்தாள். இப்படித் தன் முகத்தை யாரும் பார்த்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. காய்கறிக்காரி பார்க்கிறாள், கண்டக்டர் பார்க்கிறார், அண்ணாச்சி நாள் முழுக்க எதிரே இருக்கிறார். அதெல்லாம் அவள் இருக்கிறாள் என்று தெரிந்துகொள்கிற பார்வை. பெண் பார்க்க வந்தவர்களும் முன்பு உற்றுப் பார்த்திருக்கிறார்கள், குறை எங்கே என்று. இவள் பார்ப்பது, உள்ளது சரியாக வந்திருக்கிறதா என்று.

"கலரைத் தூக்கிக் காட்டுத செட்டிங் ஒண்ணு இதுல இருக்குக்கா. கடையில எல்லாரும் அதைப் போட்டுத்தான் காட்டுவோம். நானும்தான்" என்று சொல்லிக்கொண்டே மும்தாஜ் உள்ளே போனாள். அதை எடுத்துவிட்டு, தாளின் தடிமனுக்கான செட்டிங்கையும் மாற்றி, மறுபடி அடித்தாள். மறுபடியும் வாசலில் வந்து முகத்தோடு சேர்த்துப் பிடித்தாள்.

"இப்ப இது நீங்க."

பிரேமலதா வாங்கிப் பார்த்தாள். அரக்கு அரக்காக இருந்தது. கடுகுக் கரை கடுகாக இருந்தது. முகம் களைப்பாக இருந்தது. மச்சம் இருந்தது. புள்ளி வைத்த எழுத்தெல்லாம் புள்ளியோடு இருந்தன.

"நல்லாருக்கா?" என்றாள் மும்தாஜ்.

"சரியா இருக்கு."

பிறகு மும்தாஜ் நிறுத்தாமல் ஒரு கத்தை அடித்தாள். மிஷின் சூடானால் சிலதில் நிறம் மாறும், முதல் தாளையும் கடைசித் தாளையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்றாள். பிரேமலதாவின் முகம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்துகொண்டே இருந்தது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் வந்ததை எடுத்துப் பிரேமலதா நாலாக மடித்தாள். மடிப்பு சரியாக மூக்கின்மேல் விழுந்தது. நகத்தால் அழுத்தித் தேய்த்து, விரித்தாள். லேசான கோடு விழுந்ததே தவிர நிறம் உதிரவில்லை.

"மிச்சத் தாளை என்ன செய்ய? குப்பையில போட்டிரவா?" என்று கேட்டாள் மும்தாஜ்.

"இல்ல, கொண்டாங்க" என்று பிரேமலதா அவசரமாக வாங்கிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை இட்லிக்கு ஊற்றி வைத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் தரையில் எல்லாத் தாளையும் வரிசையாகப் பரப்பினாள். சிவந்தவள், ரோஸ் நிழல் ஓடியவள், பால்கோவா, உள்ளபடியே இருப்பவள். எல்லாரும் அவளையே பார்த்தார்கள். அந்த அறையில் அத்தனை பேர் சேர்ந்து இருந்தது அவள் குடிவந்த நாளிலிருந்து இல்லை. இட்லி வெந்த வாசனை வந்த பிறகும் எழுந்திருக்கத் தோன்றவில்லை. தட்டைக் கொண்டுவந்து அவர்களுக்கு நடுவிலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். பிறகு வேண்டாதவற்றைக் கிழிக்க முயன்று, முகத்தைக் கிழிக்கக் கை வராமல், குப்புறப் போட்டு அலமாரித் தட்டுகளுக்கு விரித்துவிட்டாள்.

திங்கட்கிழமை அண்ணாச்சி முன்னால் நாலு தாளையும் வைத்தாள். எது எந்தக் கடை என்று சொல்லவில்லை. அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். கை நேராகப் பால்கோவாவின்மேல் போயிற்று.

"இதுதாம்மா மிஷின். உன்னையே எப்படி லட்சணமா காட்டுது பாரு."

அந்த 'உன்னையே' அவர் வேண்டுமென்று சொன்னதில்லை. பிரேமலதாவுக்கு அது தெரியும். அப்பா போன அன்றைக்கு வண்டிக்கும் ஆளுக்கும் ஓடி அலைந்து, சுடுகாடு வரைக்கும் வந்து நின்ற மனுசர் அவர். இருந்தாலும் அவள் மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"இது நான் இல்ல அண்ணாச்சி."

"சரி, கொஞ்சம் வெளுப்பாத்தான் காட்டுது. அதனால என்ன? பாக்கவனுக்கு மொதல்ல பிடிக்கணும்லா."

"நேர்ல வந்து பாப்பாகள்ல. ஆழ்வார்குறிச்சிப் பிள்ளைக்கு நடந்தது திரும்ப நடக்கும்."

"அது மிஷின் ரிப்பேரு. இது அப்படியா?" என்றார். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "வீட்ல அவகிட்டயும் காட்டுதேன். அவளுக்குக் கலர் தெரியும்."

மறுநாள் அவர் வந்த வேகமே வேறு மாதிரி இருந்தது. பையிலிருந்து தாளை எடுத்து மேசைமேல் எறிந்தார். மடிப்பு ஓடிய இடமெல்லாம் நிறம் செதில் செதிலாக உதிர்ந்து, முகத்தின் நடுவே நெற்றியிலிருந்து தாடை வரை ஒரு வெள்ளைக் கீறல். அவர் வெள்ளைச் சட்டையின் பையிலும் பொடி ஒட்டியிருந்தது.

"இந்தத் தாளு என்னை வீட்ல ஏச்சு வாங்க வச்சிட்டு. ஜாதகத்தை மடிக்காம எவன் வச்சிருப்பான்? இது ஆகாது. மத்ததையும் மடிச்சுப் பாப்போம்." மூன்றையும் அவரே மடித்து, அவரே விரித்து, உதிராமல் நின்ற பாளையங்கோட்டைத் தாளைத் தூக்கிக் காட்டினார். "இதை வாங்கு. பாரு, மடிச்சுப் பாக்கணும்னு யாருக்காவது தோணிச்சா?"

"இல்ல அண்ணாச்சி" என்றாள் பிரேமலதா.

அவள் விரும்பிய மிஷினே வந்தது. ஏன் விரும்பினாள் என்று யாருக்கும் தெரியாமல் வந்தது.

மிஷின் வருகிற அன்று அவள் ஆபீஸை ஒதுங்க வைத்து, கீழே கடையில் உளுந்தவடை இரண்டு கூடுதலாக வாங்கி வைத்திருந்தாள். மும்தாஜ் வருவாள் என்று ஏன் நினைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. வந்தது சல்மான் ஃபாரிஸ் என்ற மெக்கானிக். மளமளவென்று மாட்டி, ஓட்டிக் காட்டி, வடையைத் தின்றுவிட்டுப் போய்விட்டான். சாயங்காலம் மும்தாஜ் போன் செய்தாள். "நல்லா ஓடுதாக்கா? கோடு கீடு விழலியே?" நல்லா ஓடுது என்றாள். "சரிக்கா, எதுவும்னா கூப்பிடுங்க." அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை. தாள் சிக்கவில்லை, கோடு விழவில்லை, நிறம் மாறவில்லை. இப்படிக் கோளாறே வராத மிஷினை வாங்கிவிட்டோமே என்று அவளுக்குச் சில நாள் தோன்றியது. ஒரு மத்தியானம் டோனர் எவ்வளவு நாள் வரும் என்று கேட்கக் கூப்பிட்டாள். மிஷினே திரையில் காட்டும் விவரம் அது. மும்தாஜ் கடையில் கூட்டம் என்றும் பிறகு கூப்பிடுவதாகவும் சொன்னாள். இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டாள். டோனரைப் பற்றிப் பேசினார்கள். பிறகு முழங்கால் வலியைப் பற்றிக் கொஞ்சம் பேசினார்கள். இருவருக்கும் இடது கால்தான்.

புது மிஷினில் பிரியதர்ஷினியின் தாளை மறுபடி அடிக்க வேண்டும் என்று பிரேமலதாவுக்கு மனதில் இருந்தது. மாரித்தாய்க்குப் போன் செய்து, பகல் வெளிச்சத்தில் பவுடர் பூசாமல் எடுத்த படம் ஒன்று அனுப்பச் சொன்னாள். பல நாள் வரவில்லை. பிறகு ஒரு மழைநாளில் வந்தது. வாசற்படியில் உட்கார்ந்து எடுத்த படம். அதைத் திரையில் பெரிதாக்கி, வெட்டி, ஓரம் சரிசெய்து, மிஷினில் அடித்து, ஜன்னலில் வைத்துப் பார்த்து, கொஞ்சம் மாற்றி மறுபடி அடித்தாள். ஒரு நாள் முழுக்க வேறு வேலைக்கு நடுவில் அதையே செய்தாள். நேரில் பார்க்காத முகம். அதை எதனோடு ஒப்பிடுவது என்று தெரியாமல், படத்தில் இருந்த வாசற்படிச் சிமெண்டின் நிறத்தை வைத்துச் சரிபார்த்தாள். சிமெண்ட் சிமெண்டாக வந்தால் முகமும் முகமாக வரும்.

அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். "கருப்பா தெரியுதே."

"கருப்புதான் அண்ணாச்சி."

அவர் தன் மேசைக்குத் திரும்பிப் போனார். தாள் நாலைந்து வீட்டுக்குப் போயிற்று. இரண்டு திரும்பி வந்தது. ஒரு இடத்தில் யோசிக்கிறோம் என்றார்கள். அதற்குள் மாரித்தாயிடமிருந்து போன் வந்துவிட்டது.

"எங்க மதினி வழியில ஒரு இடம் அமைஞ்சிட்டு தாயி. நீ அந்தத் தாளை இனிமே ஆருக்கும் குடுக்காத. ஆவணியில கல்யாணம். கண்டிப்பா வந்துரணும்."

பிரேமலதா அன்றே விவரத்தை எடுத்துவிட்டாள். பத்திரிகை ஆபீஸ் விலாசத்துக்கு வந்தது. "நம்ம முடிக்காத கல்யாணம்லா, எதுக்கு மெனக்கெட்டு" என்றார் அண்ணாச்சி. அவள் லீவு கேட்டுக்கொண்டு போனாள்.

ஆழ்வார்குறிச்சியில் மண்டபம் நிறையக் கூட்டம். மாரித்தாய் பட்டுச்சேலையில் வேர்த்துப்போய் அங்கும் இங்கும் ஓடிக்கொண்டிருந்தாள். "வந்துட்டியா தாயி, இருந்து சாப்பிட்டுப் போ" என்று கையைப் பிடித்தாள். அதற்குள் யாரோ கூப்பிட, கையை விட்டுவிட்டுப் போனாள்.

மணமேடையில் இருந்த பெண்ணைப் பார்த்ததும் பிரேமலதாவுக்கு அடையாளம் தெரியவில்லை. முகத்துக்கு அப்படிப் பூசியிருந்தார்கள். கழுத்து வரைக்கும் வெள்ளை. கைகள்தான் அவள் நிறத்தில் இருந்தன. மாப்பிள்ளையும் நல்ல கறுப்பு, அவர் முகத்தையும் விட்டுவைக்கவில்லை. பிரேமலதா வரிசையில் நின்று மேடை ஏறினாள். கவரைக் கொடுத்தாள். பெண் வாங்கிக்கொண்டு, யாரென்று தெரியாமல், ஆனால் மரியாதையாகச் சிரித்தாள்.

"நீங்க யாருக்கா?"

"வண்ணார்பேட்டை ஆபீஸ்ல இருந்து வாரேன். ஜாதகம் அடிச்சுக் குடுத்தேம்லா."

"ஓ. சரிக்கா."

பெண்ணின் சிரிப்பு ஒரு கணம் நின்று மறுபடி வந்தது. கூடங்குளத்துக்காரர்கள் நினைவுக்கு வந்திருக்கலாம். தான் கல்யாணத்துக்கு வந்திருக்க வேண்டாமோ என்று பிரேமலதாவுக்குத் தோன்றியது. "அக்கா, கொஞ்சம் இங்கன பாருங்க" என்றான் போட்டோ எடுப்பவன். பார்த்தாள். வெளிச்சம் அடித்தது. அடுத்தவர்கள் ஏற, அவள் இறங்கினாள்.

பந்தியில் சாம்பார் ஊற்றியவன், "பொண்ணு வீடா, மாப்ள வீடாக்கா?" என்று கேட்டான். அவள் சொல்வதற்குள் அடுத்த இலைக்குப் போய்விட்டான்.

திரும்பும்போது அம்பாசமுத்திரத்தில் பஸ் மாறினாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள், மடியில் நார்ப்பெட்டி. பிரேமலதாவின் தலையில் இருந்த பூவையும் கையில் இருந்த தாம்பூலப் பையையும் பார்த்துவிட்டு, "கல்யாண வீடா?" என்றாள்.

"ஆமா. ஆழ்வார்குறிச்சில."

"சொந்தமா?"

"தெரிஞ்ச பிள்ள."

"பொண்ணு எப்படி, நல்லா இருப்பாளா?"

பிரேமலதா கொஞ்சம் யோசித்தாள். "நல்ல கருப்பு. ஆனா எல்லா இடமும் ஒரே கருப்பு இல்ல. நெத்திப் பொட்டுப் பக்கம் கொஞ்சம் இளசா இருக்கும். வலது புருவத்துக்கு மேல அம்மைத் தழும்பு ஒண்ணு, கடுகுத் தண்டி. சிரிச்சா மேலுதடு இடது பக்கம் மட்டும் ஏறும். கண்ணு பெரிசு. கண்ணுக்குள்ள வெள்ளை சுத்த வெள்ளையா இருக்காது, லேசா நீலம் அடிக்கும்."

அந்தப் பெண் அவளைத் திரும்பிப் பார்த்தாள். "சின்னதுல இருந்தே பழக்கம் போல."

"இல்ல. இன்னைக்குத்தான் பாத்தேன்."

அந்தப் பெண் நார்ப்பெட்டியை மடியில் நகர்த்தி வைத்துக்கொண்டாள். கல்லிடைக்குறிச்சி தாண்டியதும் கண்ணயர்ந்தாள். வீரவநல்லூரில் விழித்து, "வாரேன்மா" என்று இறங்கிப் போனாள். அந்த இடத்தில் வேறு யாரும் வந்து உட்காரவில்லை. பஸ் நகர்ந்தது. வயலில் தண்ணீர் பாய்ந்திருந்தது, நடவுக்கு ஆள் இறங்கியிருந்தார்கள். பிரேமலதா தாம்பூலப் பையை எடுத்துப் பக்கத்து இடத்தில் வைத்துவிட்டு, மறுநாள் அடிக்க வேண்டிய ஜாதகங்கள் எத்தனை பாக்கி என்று நினைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தாள்.